எட்டுப் போட்ட படலம்

இருபத்திரண்டு வருஷ காலமாகப் பிறருக்குப் பரீட்சை வைத்தே பிழைத்து வரும் நமக்கு, நாமும் ஒரு நாள் பரீட்சைக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும் என்ற எண்ணமே இருந்ததில்லை. பரீட்சையென்றால் சர்வகலாசாலைப் பரீட்சையல்ல. மோட்டார் ஓட்டும் பரீட்சை! வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்து மைதானத்தில், கொளுத்தும் வெயிலில், வரிசையில் நமக்கு முன்னால் நின்றவன் மூன்று வருஷத்துக்கு முன்பு நம்மிடம் சரித்திரம் படித்து, முப்பத்தைந்து மார்க்கில் மயிரிழையில் கரையேறிய பிள்ளையாண்டான். "டீச்சர், நீங்களுமா?" என்று கேட்டான். ஜூலியஸ் சீஸரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பது நமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இந்த விபரீத ஆசை நாற்பத்தாறாவது வயதில் ஏன் வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். ஆசையல்ல, அவசியம். நாம் வசிப்பது சூலூருக்குப் பக்கத்துக் கிராமம். நம்மோடிருக்கும் தகப்பனாருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. புதன் மாலையும் ஞாயிறு காலையும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய், நான்கு மணி நேரம் படுத்திருந்து, இயந்திரத்தின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்ப வேண்டும். பஸ்ஸில் போய் வரக்கூடிய உடம்பல்ல. வாடகைக் கார்தான் கதி. பெங்களூருக்குக் குடிபோன தம்பி விட்டுச் சென்ற மாருதி கார் ஒன்று கொட்டகையில் தூசி படிந்து நின்றது. அதை ஓட்டத்தான் வீட்டில் ஆள் இல்லை. வாடகைக் காரில் போகும்போது தகப்பனார் கண்ணை மூடவே மாட்டார். காத்திருக்கும் நேரத்துக்கு எவ்வளவு, திரும்பும் தூரத்துக்கு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வருவார். ஒரு புதன்கிழமை இரவு, கார் போன பிறகு, வாசல் திண்ணையில் உட்கார்ந்து மெல்லச் சொன்னார்:

"ஏன் அம்மிணி, வாரத்துக்கு ஒருக்காப் போனாப் போதாதான்னு டாக்டருகிட்டக் கேட்டுப் பாரேன். எதுக்கு இத்தனை செலவு?"

மறுநாள் மாலையே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் நமது பெயரைப் பதிந்தோம்.

முதற்படி எல்.எல்.ஆர். நாற்பது வயது கடந்தவர்கள் அதற்கு வைத்தியரின் சான்று வாங்கிவர வேண்டும் என்பது சட்டம். நமது வயதைச் சர்க்கார் இவ்வளவு பகிரங்கமாக நினைவூட்டியதை மன்னித்துவிட்டு, கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து சாலைக் குறிகளைப் பற்றிய கேள்விகளுக்கு விடையளித்தோம். நூற்றுக்கு அறுபது வந்தால்தான் தேர்ச்சி. பள்ளிக்கூடத்தில் நாம் முப்பத்தைந்துக்கே கைதூக்கி விடுகிறோம். அந்த வகையில் சர்க்கார் நம்மைவிடக் கண்டிப்பு. நாம் எல்லாவற்றையும் குருட்டுப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தோம். குருட்டுப்பாடம் பண்ணாதீர்கள் என்று தினந்தோறும் பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்துவதும் நாமேதான். கிடைத்த எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும்; முப்பது நாள் கழிந்த பிறகே ஓட்டும் பரீட்சைக்குப் போகலாம்.

அந்த முப்பது நாளும் நம்மை மேய்த்த மாஸ்டர், ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். அறுபது வயதிருக்கும். இரண்டு ஆசிரியர்கள் ஒரே வண்டியில் உட்கார்ந்தால் ஒருவர் மாணாக்கராக இருந்தே தீரவேண்டும் அல்லவா? அந்தப் பாக்கியம் நமக்கு வாய்த்தது. "டீச்சர், கிளட்ச வெடுக்குன்னு உட்றாதீங்க. கொழந்தையத் தொட்டில்ல கெடத்தற மாதிரி உடோணுங்க" என்பார். நாம் தொட்டிலோடு குழந்தையைக் கவிழ்ப்போம். வண்டி இருமிக்கொண்டு நின்றுவிடும். பின்னால் வந்தவர்கள் ஊதும் ஹாரன் ஓசையில், நாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரல் எங்கோ ஓடி ஒளிந்துகொள்ளும்.

ஆனாலும் பன்னிரண்டாம் நாள் சிங்காநல்லூர் சந்திப்பை ஒரு தடவைகூட நிற்காமல் கடந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து தகப்பனாரிடம் பெருமையடித்துக்கொண்டோம். அந்தப் பெருமையின் ஆயுள் ஒரு நாள். அடுத்த நாள் எருமை ஒன்று குறுக்கே வந்தது. நமது கால் பிரேக்கைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வண்டி சாதுவாக நின்றது. குனிந்து பார்த்தோம். மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச்! பயிற்சிப் பள்ளி வண்டிகளில் ஆசிரியரும் வண்டியை அடக்கி நிறுத்தும்படி இரட்டைக் கட்டுப்பாடு இருக்கவேண்டும் என்று 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் இதுவரை சிங்காநல்லூரைக் கடந்தது யார் என்ற கேள்விக்கு மாஸ்டர் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

கடைசி இரண்டு வாரமும் எட்டுதான். நம் தமிழ்நாட்டில் "எட்டுப் போட்டாச்சா?" என்றால் அது கணக்குக் கேள்வியல்ல, லைசென்ஸ் வாங்கியாயிற்றா என்று அர்த்தம். தரையில் எழுதிய எட்டின்மேல் வண்டி பிசகாமல் சுற்றிவர வேண்டும். அதற்கு மாஸ்டர் ஒரு சூத்திரம் வைத்திருந்தார்: "இந்தக் கல்லு ஜன்னலுக்கு நேரா வந்ததும் முழு ஒடிப்பு, அந்தக் கல்லு தெரிஞ்சதும் நேராக்கோணும்." கல்லைப் பார்த்தோம், ஒடித்தோம். பத்து நாளில் கண்ணை மூடிக்கொண்டு எட்டுப் போடுமளவு தேறிவிட்டோம். கண்ணை மூடிக்கொண்டு என்பதை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பரீட்சை நாள் வந்தது. பழைய மாணவன் போய் முடித்துவிட்டு, கட்டை விரலை உயர்த்திக்கொண்டு வந்தான். நாம் ஏறினோம். இன்ஸ்பெக்டர் இடப்புறம் அமர்ந்தார். எட்டு அச்சில் வார்த்தாற்போல் வந்தது. அப்புறம் ஓரமாக நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம். மறுபடி எடுக்கச் சொன்னார்; எடுத்தோம். பத்தடி போவதற்குள் கையைக் காட்டி நிறுத்தி, "இப்போ உங்க பின்னாலே யாரும்மா வந்தாங்க?" என்று கேட்டார்.

"யாரும் வரலைங்களே" என்றோம்.

வலப்புறம், கதவுக்கு ஒரு முழம் தள்ளி, மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் ஒரு காலைத் தரையில் ஊன்றி முகம் வெளுத்து நின்றுகொண்டிருந்தாள். அவளும் பரீட்சைக்கு வந்தவள்தான்.

"நீங்க கல்லைப் பார்த்து ஓட்றீங்க, ரோட்டைப் பார்த்து ஓட்டலை. கண்ணாடி எதுக்கு வெச்சிருக்குது? ஏழு நாள் கழிச்சு வாங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபமிருந்தால் திருப்பிக் கோபித்துக்கொண்டு ஆறுதல் அடைந்திருக்கலாம். ஜன்மத்தில் முதல் தடவையாகத் தோற்றுப்போய் வீடு திரும்பினோம்.

அன்றிரவு தூக்கம் வராமல் அந்த மத்திய விதிகளின் 15-வது விதியை எடுத்துப் படித்தோம். எட்டு என்ற பேச்சே அதில் பிரதானமாக இல்லை! சைகை காட்டுமுன் கண்ணாடியைப் பார்க்கிறாரா, செங்குத்தான மேட்டில் நிறுத்தி, வண்டி பின்னுக்கு உருளாமல் எடுக்கிறாரா, பிறரை முந்தும்போதும் பிறர் தம்மை முந்தவிடும்போதும் ஜாக்கிரதையாக நடந்துகொள்கிறாரா, பாதசாரிகள் கடக்குமிடத்தில் முறை தெரிந்தவரா என்று ஒரு மனிதரின் குணத்தையே விசாரிக்கிறாற்போல் எழுதியிருக்கிறார்கள். கேள்வித்தாள் நன்றாயிருக்கிறது. நாம்தான் ‘முக்கியமான வினா’ ஒன்றை மட்டும் உருப்போட்டுக்கொண்டு போயிருக்கிறோம்.

இந்தப் பரீட்சையே உலகத்துக்குப் புதியதுதான். இங்கிலாந்தில் 1903-ம் வருஷத்துச் சட்டத்தின்படி ஐந்து ஷில்லிங் கட்டினால் லைசென்ஸ். ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. சாலைகளில் சாவு மலிந்த பிறகு 1935-ல்தான் புதிய ஓட்டுநர்களுக்குப் பரீட்சையைக் கட்டாயமாக்கினார்கள். நம் தேசத்தில் 1914-ல் முதல் மோட்டார் சட்டம் வந்தது. பிறகு 1939-ல் ஒன்று. இப்போது நடப்பது சுதந்திர இந்தியாவின் பார்லிமெண்டு 1988-ல் செய்தது. அந்த இரவில் நம்மைத் தூங்கவிடாமல் அடித்தது வேறொரு கணக்கு. 2022-ம் வருஷம் ஒன்றில் மட்டும் நம் தேசத்துச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கை சொல்கிறது. அந்த வருஷம் விபத்துக்களின் எண்ணிக்கையில் முதல் ஸ்தானம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. ராஜ்யம் வாங்கியதில் நாம் காட்டிய ஒழுங்கில் கால்வாசியை இடது பக்கம் போவதில் காட்டியிருந்தால் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்திருக்கும். அந்த மோட்டார் சைக்கிள் பெண்ணின் வீட்டிலும் யாரோ ஒரு தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

காலையில் நம் தகப்பனார் கொட்டகைப் பக்கம் தடியூன்றி வந்து நின்றார். தோற்ற விஷயத்தை அவர் கேட்கவில்லை, ஊர்க்கதையை எடுத்தார். நம் ஊருக்கு அதிக தூரமில்லாத கலங்கலில்தான் 1893-ல் ஜி. டி. நாயுடு பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயமுத்தூரில் ஹோட்டலில் பரிமாறும் வேலை செய்து காசு சேர்த்து, அதை வாங்கி, முதல் காரியமாக அக்கு அக்காகக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்ஸிலிருந்துதான் பிற்பாடு யு.எம்.எஸ். என்ற பெரிய ஸ்தாபனம் கிளைத்தது. 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

"நாயுடு மொதல்ல பிரிச்சுப் பாத்தாரு, பொறவுதான் ஓட்டுனாரு. நீ ஒரு நாளாச்சும் இந்த மூடியத் தெறந்து பாத்தியா கண்ணு?" என்றார் தகப்பனார்.

திறந்து பார்த்ததில்லை. பயிற்சிப் பள்ளி வண்டியைத் தவிர வேறெதையும் தொட்டதுமில்லை. அவர் ஒரு காலத்தில் காங்கேயம் காளைகள் பூட்டிய சவாரி வண்டியில் சந்தைக்குப் போய் வந்தவர். பார் மேல் நம்மை உட்கார வைத்துக் கயிற்றைக் கையில் கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. "மாடுன்னா எதுக்க வண்டி வந்தாத் தானா ஒதுங்கும். நாம தூங்குனாலும் ஊட்டுக்குக் கொண்டாந்து உட்டுரும். இதுக்குக் கண்ணு கெடையாது அம்மிணி. ரெண்டு பக்கமும் முதுகுப் பக்கமும் நீதான் பாக்கோணும்."

அன்று மாலை மாஸ்டரிடம், "இனி உங்கள் வண்டி வேண்டாம். நம் மாருதியில் எல் பலகை மாட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் பக்கத்தில் பிரேக் இருக்காது" என்றோம். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "என் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தர்றனுங்க டீச்சர்" என்றார். விகடமாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்பது இன்றுவரை தெரியாது.

அந்த ஆறு நாளில் கற்றதை அதற்கு முந்தைய முப்பது நாளில் கற்கவில்லை. எட்டு அடியோடு கிடையாது. விடியற்காலையில் திருச்சி ரோடு. மாலையில் கிராமத்துச் சந்துகள். "பின்னாடி யாரு?" என்று மாஸ்டர் திடீர் திடீரென்று கேட்பார். "பால் வண்டி, அதுக்குப் பின்னால் நீலச்சட்டை போட்ட பையன்" என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை மருதமலை மேட்டுக்குக் கூட்டிப் போனார். பாதி ஏற்றத்தில் முன்னே போன பஸ் நின்றது. நாமும் நின்றோம். கைப்பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, கிளட்சைச் சிறுகச் சிறுக விட்டு, வண்டியின் மூக்கு லேசாக நிமிர்கிற அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும். முதல் தடவை ஒரு சாண் பின்னுக்கு உருண்டுவிட்டோம். மாஸ்டரின் வலது கால், இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. முருகா என்றது யார் என்று சொல்ல மாட்டோம். மூன்றாவது தடவை வண்டி அங்குலம்கூடப் பின்வாங்காமல் ஏறிற்று.

இரண்டாம் பரீட்சையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதே இன்ஸ்பெக்டர். எட்டில் ஓரிடத்தில் சக்கரம் கோட்டை உரசியது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓரமாக நிறுத்தி மறுபடி எடுக்குமுன் கண்ணாடியைப் பார்த்தோம், தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தோம், சைகை போட்டோம். பின்னால் மெய்யாகவே ஒருவரும் இல்லை. "சரிங்கம்மா, போலாம்" என்று கையெழுத்திட்டார்.

லைசென்ஸ் கைக்கு வந்த புதன்கிழமை மாலை, பள்ளிக்கூடம் விட்டதும் தகப்பனாரை முன் ஸீட்டில் ஏற்றி, பெல்ட்டை மாட்டிவிட்டு, திருச்சி ரோட்டில் கோயமுத்தூரை நோக்கிப் புறப்பட்டோம். சூலூர் எல்லைவரை அவர் நமது கையையும் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். நாற்பதுக்கு மேல் போகவில்லை. பஸ்களெல்லாம் நம்மை வைதுகொண்டே முந்தின. முந்தட்டும் என்று விட்டோம். ஒண்டிப்புதூர் நெருங்கும்போது இடப்பக்கத்துச் சந்திலிருந்து சைகையும் காட்டாமல் ஒரு ஸ்கூட்டர் பாய்ந்து வந்தது. சந்து வாயில் தலை நீட்டியபோதே அதை நாம் பார்த்து வைத்திருந்தபடியால், பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மெதுவாக அழுத்தி, அது போகும்வரை பொறுத்து, மறுபடி கிளட்சை விட்டோம்.

"பாத்தீங்களா அப்பா?" என்று பெருமையோடு கேட்டோம்.

பதில் இல்லை. தகப்பனார் கண்ணாடிப் பக்கம் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.