சேர், இது எந்தப் பக்கம்?



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரும் என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர்களும் கடைசிவரை வாசித்தால் சந்தோஷம். இது ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றியது. நான் விட்ட ஒரு பிழையைப் பற்றியதும்தான்.

சென்ற தவணையில் ஒரு மழை நாள். நம்ம ஊர் மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இடைவேளைக்குப் பிள்ளைகளை மைதானத்துக்கு விட முடியவில்லை. தரம் 5 வகுப்பில் ஒரு மகன் பையிலிருந்து ஒரு ரோபோவை எடுத்தான். திருவிழாக் கடையில் அவனுடைய தாத்தா வாங்கிக் கொடுத்ததாம். மடக்கினால் லொறி, நிமிர்த்தினால் மனிதன். ட்ரான்ஸ்போமர்ஸ் சாமானின் மலிவு நகல். அதன் நெஞ்சில் ஒரு சிவப்பு முகச் சின்னம், முதுகில் ஓர் ஊதா முகச் சின்னம்.

படம் பார்த்த பிள்ளைகளுக்கு இது தெரியும். சிவப்பு என்றால் ஓட்டோபொட், நல்லவர்கள். ஊதா என்றால் டிசெப்டிகொன், கெட்டவர்கள். நகல் செய்தவருக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது போல. கையில் இருந்த இரண்டு ஸ்டிக்கரையும் ஒட்டி அனுப்பிவிட்டார்.

“சேர், இது எந்தப் பக்கம்?” என்று கேட்டான்.

நான் பதில் சொல்ல முந்தி, பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: “முன்னுக்கு இமயம், பின்னுக்கு முயற்சி!”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சைக்காக வருடத் தொடக்கத்தில் வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். வேகமாக வாசிக்கிற, கணக்கை உடனே பிடிக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம். அவர்களுக்கு ‘இமயம்’ என்று பெயர் வைத்தேன். இன்னும் உதவி தேவைப்படுகிற பிள்ளைகள் மறுபக்கம். அவர்களுக்கு ‘முயற்சி’. நல்ல பெயர்தானே என்று நினைத்தேன். சுவரில் இமயத்துக்குப் பனிமலைப் படமும், முயற்சிக்கு அரிசி சுமக்கும் எறும்புப் படமும் ஒட்டினேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று விளக்கமும் சொன்னேன். பிள்ளைகளை ஊக்கப்படுத்துவதாக எனக்கு ஒரு பெருமை வேறு.

பிள்ளைகளோ அன்றைக்கே சரியாக வாசித்துவிட்டார்கள். ஒன்று ஏறி நிற்பவர்களின் பெயர், மற்றது இன்னும் ஏறாதவர்களின் பெயர் என்று.

அன்றிரவு போனை எடுத்து அந்த ரோபோவின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தச் சாமான்கள் முதலில் ஜப்பானில் வந்தவை. டகாரா என்ற கம்பனி 1980ஆம் ஆண்டு ‘டயக்லோன்’ என்ற வரிசையைத் தொடங்கியது. காரும் ஜெட் விமானமும் ரோபோவாக மாறும். உள்ளே உட்கார்ந்து ஓட்டுவதற்கு விரலளவு குட்டி மனிதனும் உண்டு. அங்கே ரோபோ என்பது வெறும் வாகனம், அதற்கென்று உயிரோ குணமோ கிடையாது. அதே கம்பனியின் ‘மைக்ரோ சேஞ்ச்’ வரிசையில் கசட் பிளேயர், கமெரா, துப்பாக்கி போன்றவை ரோபோவாக மாறின.

அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ கம்பனி இந்த இரண்டு வரிசைகளிலிருந்தும் சாமான்களை எடுத்து, 1984இல் ட்ரான்ஸ்போமர்ஸ் என்ற ஒரே பெயரில் விற்றது. விற்பதற்கு ஒரு கதை வேண்டும். அதை எழுதும் வேலை மார்வல் என்ற சித்திரக்கதைக் கம்பனிக்குப் போனது. ஒப்டிமஸ் பிரைம் என்ற பெயரை வைத்தவர் அங்கிருந்த டெனிஸ் ஓ’நீல். மற்றப் பெயர்களில் மிகப் பெரும்பாலானவற்றை வைத்தவர் பொப் புடியான்ஸ்கி. கெட்டவர்களின் தலைவனுக்கு அவர் மெகாட்ரோன் என்று பெயர் வைத்தபோது, கேட்கவே பயமாக இருக்கிறதே என்று கம்பனிக்காரர்கள் தயங்கினார்களாம். அவன் கெட்டவன், பயமாகத்தானே இருக்க வேண்டும் என்று அவர் பதில் சொன்னாராம்.

இங்கேதான் எனக்கு ஒரு விடயம் உறைத்தது. ஜப்பானில் அந்தக் காரும் அந்த ஜெட்டும் ஒரே வரிசை, ஒரே அணி. ஒரே கடைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை. கடல் தாண்டி வந்ததும் கார்களில் ஒரு ஸ்டிக்கர், ஜெட்களில் இன்னொரு ஸ்டிக்கர். அன்றிலிருந்து அவர்கள் பரம எதிரிகள். சாமானில் பெரிதாக எதுவும் மாறவில்லை. அச்சு அதேதான். முக்கியமாக மாறியது ஒட்டின ஸ்டிக்கர்தான்.

அந்த ஊதாச் சின்னத்தை உற்றுப் பார்த்தால் சவுண்ட்வேவ் என்ற ரோபோவின் முகச் சாயல் தெரியும். சவுண்ட்வேவ் யார்? பழைய கசட் பிளேயர்! ஜப்பானில் விற்கப்பட்டபோது அது கெட்டவனாக இருக்கவே இல்லை.

பெயரையும் பாருங்கள். டிசெப்டிகொன் என்ற பெயருக்குள்ளே ஏமாற்று என்பதற்கான ஆங்கிலச் சொல் இருக்கிறது. உலகத்தில் எந்தக் கூட்டமாவது தனக்குத்தானே ‘ஏமாற்றுக்காரர் சங்கம்’ என்று பெயர் வைத்துக்கொள்ளுமா? வெளியில் இருந்து ஒருவர் வைத்த பெயர்தான் அது. கதை தொடங்க முந்தியே தீர்ப்பு எழுதியாயிற்று.

1985இல் இன்னொரு புதுமை வந்தது. சாமானில் ஒரு சிறிய கறுப்புச் சதுர ஸ்டிக்கர். விரலால் தேய்த்தால், அந்தச் சூட்டுக்கு எந்தப் பக்கத்துச் சின்னம் என்று தெரியும். நகல் சாமான்களிலிருந்து அசலைப் பிரித்துக் காட்ட வைத்த ஏற்பாடு. நம்ம ஊர் மார்கழிக் குளிரில் எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். தேய்க்கும்வரை அது நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. வெறும் ரோபோ.

இதை வாசிக்கும்போது என் சிறுவயது ஞாபகம் ஒன்று வந்தது. தொண்ணூறுகளில் மாமா ஒருவர் சென்னைக்குப் போய்வந்தபோது ஜீ.ஐ. ஜோ பொம்மை ஒன்று கொண்டுவந்தார். இந்தியாவில் ஃபன்ஸ்கூல் கம்பனி செய்து விற்றது. நெஞ்சில் படம் எடுத்த நாகச் சின்னம். அதாவது கோப்ரா, எதிரிப்படை. 1982இல் வந்த அந்தச் சாமான்களைத் திட்டமிட்டபோது ஹஸ்ப்ரோவிடம் எதிரிப்படை என்று ஒன்றே இருக்கவில்லை. எதிரி இல்லாமல் கதை எப்படி ஓடும் என்று, மார்வலின் ஆர்ச்சி குட்வின் சொன்ன யோசனைதான் கோப்ரா.

நான் அவனைக் கெட்டவனாக வைத்து விளையாடப் போனேன். தோட்டத்திலிருந்து வரும் என் கூட்டாளி விடவே இல்லை. “நாகம் போட்டவன் எப்படிடா கெட்டவனாவான்? எங்க லயத்துக்குப் பின்னால புத்து இருக்கு. அம்மா வெள்ளிக்கிழமை பால் ஊத்துவாங்க. இவன் காவல்காரன்டா!” என்றான். புத்தர் தியானத்தில் இருந்தபோது மழை நனைக்காமல் நாகராஜன் குடை பிடித்த கதையைச் சிங்களக் கூட்டாளி சொன்னான். இரண்டுக்கு ஒன்று. நான் தோற்றேன். அமெரிக்காவில் வில்லனாகப் பிறந்தவன் தலவாக்கலையில் ஹீரோ ஆனான்.

சின்னத்துக்குள்ளே நல்லதோ கெட்டதோ கிடையாது. பார்க்கிறவர்கள்தான் ஏற்றி வைக்கிறோம்.

உறவுகளே, ஒட்டின பெயர்களைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1911 சனத்தொகைக் கணக்கெடுப்பில் வெள்ளைக்காரன் தமிழரை ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று இரண்டாகப் பிரித்து எழுதினான். அந்த ஒரு சொல் இந்த மலைகளில் எத்தனை தலைமுறையைப் பிரஜாவுரிமைக்காக அலைய வைத்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மலையகத் தமிழர் என்ற பெயர் இந்த மக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்டது. இரண்டு பெயருக்கும் எவ்வளவு தூரம்! எங்கள் ஆட்களையும் பாருங்கள். ஆங்கிலப் பதிவுகளில் எங்களுக்கு இருக்கும் ‘மூர்’ என்ற பெயர், போர்த்துக்கேயர் தங்கள் நாட்டுப் பக்கத்தில் சண்டை பிடித்த முஸ்லிம்களுக்கு வைத்திருந்த பெயர். அதையே கப்பலில் கொண்டுவந்து இங்கேயும் ஒட்டினார்கள்.

ஒட்டினதை மாற்றவே முடியாதா? முடியும். லெகோ கம்பனி 2001இல் ‘பயோனிக்கல்’ என்ற வரிசையைக் கொண்டுவந்தது. அதில் வரும் கூட்டங்களுக்கும் ஆட்களுக்கும் நியூசிலாந்தின் பூர்வீகக் குடிகளான மாவோரிகளின் மொழியிலிருந்தும் சொற்களை எடுத்தார்கள். ‘தொஹுங்கா’ என்றால் அவர்களிடம் கற்றறிந்த பெரியவர், குருவைப் போன்றவர். பொம்மையில் அது சாதாரண ஊர்வாசிகளின் பெயர். கேட்காமல் எங்கள் சொல்லை எப்படி எடுக்கலாம் என்று மாவோரிகள் எதிர்த்தார்கள். மவுயி சொலமன் என்ற சட்டத்தரணி அவர்கள் சார்பில் கடிதம் அனுப்பினார். கம்பனி கடைசியில் இறங்கி வந்தது. தொஹுங்கா ‘மட்டோரன்’ ஆனது, வேறு சில பெயர்களும் மாறின. எல்லாம் மாறவில்லை. ஆனால் கடைக்குப் போய்விட்ட சாமானுக்கே பெயரை மாற்ற முடிந்தது.

எங்கள் மார்க்கத்திலும் இந்த முன்மாதிரி உண்டு. கெட்ட பட்டப்பெயர் சொல்லி அழைப்பதை அல்-ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. ‘மாறு செய்பவள்’ என்று பொருள்படும் பெயரோடு இருந்த ஒரு பெண்ணுக்கு நபி (ஸல்) அவர்கள் ஜமீலா, அதாவது அழகானவள், என்று பெயர் மாற்றினார்கள். மதீனாவில் வருடக்கணக்காகச் சண்டை பிடித்த அவ்ஸ், கஸ்ரஜ் என்ற இரண்டு கோத்திரங்களுக்கும் சேர்த்துக் கிடைத்த பெயர் அன்ஸார், உதவியாளர்கள். இதையெல்லாம் எத்தனை மேடையில் பேசியிருப்பேன். என் வகுப்புச் சுவரில் நான் ஒட்டியது மட்டும் கண்ணில் படவில்லை.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் பனிமலையையும் எறும்பையும் கழற்றினேன். ரோபோவின் கதையைச் சொன்னேன். அது முதலில் எந்தப் பக்கமும் இல்லை, ஸ்டிக்கர் பிறகு வந்தது என்றேன். பிறகு, “நான் உங்களுக்கு வைத்த பெயர் பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்க பிள்ளைகளே” என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பின் வாங்கில் ஒரு மகள் மட்டும், “எறும்பு பாவம் சேர், அது நல்ல எறும்பு” என்றாள்.

இப்போது நான்கு குழுக்கள். வேகமான பிள்ளையும் மெதுவான பிள்ளையும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெயரைப் பிள்ளைகளே வைத்தார்கள்: சென் கிளேயர், டெவன், கொத்மலை, எறும்பு. ஆமாம், எறும்பு திரும்பி வந்துவிட்டது. அந்தக் குழுவில் சேரத்தான் இப்போது போட்டி. உதவி தேவையான பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுப்பதை நான் நிறுத்தவில்லை. அந்த நேரத்துக்குப் பெயர் மட்டும் இல்லை.

இதில் எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வாப்பா போன் எடுத்தார். “சேர், எங்கட மகன் இமயத்தில இருந்தவன். ஏன் எறக்கினீங்க?” என்று கேட்டார். நான் யாரையும் இறக்கவில்லை என்று விளங்கப்படுத்தப் பார்த்தேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெயரை அவர் மகனுக்குக் கொடுத்ததே நான்தான். ஒட்டுவது லேசு, கழற்றும்போது கொஞ்சம் தோலும் சேர்ந்து வருகிறது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் ‘இவன் படிப்பான், இவன் படிக்க மாட்டான்’ என்று பிள்ளைகளுக்குப் பக்கம் பிரிக்காதீர்கள். சிறு பிள்ளைகள் தங்கள் மேல் ஒட்டியதை நம்பிவிடுகிறார்கள். ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்புச் சுவரையும் ஒருமுறை பாருங்கள்.

அந்த மகன் மறுநாள், “சேர், ஒரு ஸ்டிக்கரை உரிக்கவா?” என்று கேட்டான். எதை உரிக்கப் போகிறாய் என்றேன். யோசித்துவிட்டு, “தெரியல்ல சேர், ரெண்டும் இருக்கட்டும்” என்று பைக்குள் வைத்துக்கொண்டான்.

உங்களுக்குச் சிறுவயதில் யாராவது ஒட்டின பெயர் இன்னும் ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கள். வைத்தவரின் பெயர் வேண்டாம். எப்படிக் கழற்றினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் துஆ செய்யுங்கள்.