பூச்சுக்கு அடியில் இருப்பது



எங்கள் மதரஸாவின் மாடி வகுப்பறையில், வடகிழக்கு மூலையில் ஒரு தூண் நிற்கிறது. மற்றத் தூண்களைப் போலவே அதற்கும் வெள்ளையடித்திருக்கிறோம். பிள்ளைகள் அதில் சாய்ந்தமர்ந்து ஓதுகிறார்கள். அந்தத் தூண் இரண்டு முறை கட்டப்பட்டது என்பதும், முதலில் கட்டியதை இடிக்க வேண்டாமென்று தடுத்தவன் நான் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

இடிக்கச் செய்தவர் சிறுவயதில் என்னிடம் மக்தபில் ஓதிய மாணவர். அவருடைய அத்தா கொத்தனாராகத் தொடங்கி ஒப்பந்ததாரராக உயர்ந்தவர். முப்பது ஆண்டுகளில் எங்கள் ஊரின் பல தெருக்களில் அவர் கட்டிய வீடுகள் நிற்கின்றன. கணக்கில் பாதி சட்டைப்பையிலிருந்த சிறு டைரியில் இருக்கும். மீதி அவர் நினைவில் இருக்கும். ஆயினும் சனிக்கிழமைக் கூலி மட்டும் ஒருபோதும் தவறியதில்லை. வீட்டுக்காரர் பணம் தராத வாரங்களில் கைமாற்று வாங்கியேனும் சித்தாள்களின் கையில் கூலியை வைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற நபிமொழியை ஒரு ஜும்ஆ பயானில் கேட்டிருந்தார். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மகன் பி.இ. சிவில் முடித்தபோது உடன் படித்தவர்கள் வளைகுடா நாடுகளுக்கு விண்ணப்பித்தார்கள். இவர் அத்தாவின் தொழிலில் சேர்ந்தார். "நான்கு வருடம் படித்தது சிமெண்ட் மூட்டை எண்ணுவதற்கா?" என்று உறவினர்கள் கேட்டார்கள். வேலையிடத்திலும் மதிப்பு எளிதில் கிடைக்கவில்லை. மேஸ்திரிகள் அவரைத் தோளில் தூக்கி வளர்த்தவர்கள். கலவையில் தண்ணீரைக் குறைக்கச் சொன்னால், "இளக்கமாக இருந்தால்தானே தம்பி வேலை ஓடும்" என்பார்கள். அளவுக்கு மிஞ்சிய நீர் பின்னர் வெளியேறும்போது கான்கிரீட்டுக்குள் நுண்துளைகளை விட்டுச்செல்லும், வலிமை குறையும். அதை வாயால் சொல்லி நிறுவ முடியாதென்று கண்ட அவர், 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் கலவையை நிரப்பி, நீரில் ஊறவைத்து, 28ஆம் நாளில் சோதனைக்கு அனுப்பினார். எம்-20 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டர் 20 நியூட்டன் சுமை தாங்க வேண்டும். தண்ணீர் தாராளமாக ஊற்றிய அச்சு அதற்கு வெகு முன்பே நொறுங்கியது. அத்தா அந்தச் சீட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, மறுநாளே மேஸ்திரிகளிடம், "தம்பி சொல்கிற அளவுதான் இனி" என்றார்.

மகனும் அத்தாவிடம் கற்றார். தூக்குக்குண்டும் ரசமட்டமும் கையாளும் பக்குவத்தையும், இரு செங்கற்களைத் தட்டி ஓசையிலேயே வேக்காட்டை அறியும் பழக்கத்தையும் கல்லூரியில் பெற்றதில்லை என்று என்னிடம் கூறியிருக்கிறார்.

இந்நிலையில்தான் எங்கள் மதரஸாவின் மாடி வேலை அவர்களிடம் வந்தது. ரமழானுக்கு முன் முடிக்க வேண்டுமென்று நிர்வாகத்தின் சார்பில் நெருக்கியவன் நான். ஒரு நாள் தூணின் பலகையைப் பிரித்தபோது அடிப்பாகத்தில் ஜல்லி தனித்தனியாகத் தெரிந்தது. தேன்கூடு போல ஓட்டைகள். கலவை கொட்டியவர்கள் வைப்ரேட்டரைச் சரியாகப் பிடிக்கவில்லை. மகன் சுத்தியலால் தட்டினார். உதிர்ந்த இடத்தில் கம்பி வெளிப்பட்டது. "இடித்துவிடுங்கள்" என்றார்.

நான் குறுக்கிட்டேன். நாள் குறைவாக இருக்கிறது, சிமெண்ட் வைத்து அடைத்துப் பூசிவிடலாமே என்றேன். அத்தாவும் தயங்கினார். இழப்பு அவர்களுடையதல்லவா?

"பூசிவிட்டால் தெரியாது ஹஜ்ரத். அதனால்தான் இடிக்கச் சொல்கிறேன்" என்றார் மகன்.

எனக்கு மறுமொழி இல்லை. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டதையும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் வியாபாரியிடம் கேட்டதையும், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததையும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஆண்டுதோறும் நடத்துபவன் நான். தூணை இடித்தார்கள். அவ்வாண்டு ரமழானில் பிள்ளைகள் கீழ்த்தளத்திலேயே நெருக்கியடித்து ஓதினார்கள்.

சில ஆண்டுகளில் அத்தா வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பாகம் பிரிக்க என்னை அழைத்தார்கள். மனைவி, ஒரு மகன், இரு மகள்கள். அவருடைய பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். கடன்களை அடைத்தபின் எஞ்சுவதை 32 பங்காக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7. கணக்கு எளிதுதான். வீடும் மனையும் சிக்கலின்றி முடிந்தன. தொழிலைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அறை அமைதியானது. கலவை இயந்திரம், சென்டரிங் தகடுகள், வெளியில் நிற்கும் பாக்கி, வாங்கியிருந்த முன்பணம் ஆகியவை யாருடையவை?

"மகன் ஒன்பது வருடம் உழைத்தது. பெண்களுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாயிற்றே" என்றார் பெரியவர் ஒருவர். திருமணத்தில் கொடுத்தது அன்பளிப்பு. அது வாரிசுரிமையை அழிக்காது என்று விளக்கினேன். ஆனால் மகனின் ஒன்பது ஆண்டு உழைப்பு கூலியா, பங்கா, தந்தைக்குச் செய்த உதவியா என்பதற்கு எந்த எழுத்தும் இல்லை. சேர்ந்த புதிதில் எழுதிக்கொள்ளலாமென்று அவர் கேட்டபோது, "பெற்ற அத்தாவிடமே பத்திரமா?" என்று அவர் மனம் நொந்ததாகப் பின்னர் அறிந்தேன்.

மகன் சற்று நேரம் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். பிறகு, "எழுதாததை நான் எனக்குச் சாதகமாகப் பூசிக்கொள்ள விரும்பவில்லை. அத்தா கண்மூடிய அன்று இருந்த அனைத்தையும் கணக்கில் சேருங்கள்" என்றார். சேர்த்தோம். தாயும் சகோதரிகளும் தங்கள் பங்கைத் தொழிலிலேயே விட்டுவைத்தார்கள். நடத்துவதற்கு மகனுக்கு மாதச் சம்பளம், இலாபமும் நட்டமும் பங்கின்படி என்று எழுதி நால்வரும் கையொப்பமிட்டார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆவது வசனம் கடனை எழுதிவைக்கவும் சாட்சி வைக்கவும் ஏவுகிறது. அதை மாணவர்களுக்கு விளக்கிய நான், தினமும் மஸ்ஜிதில் பக்கத்தில் நின்று தொழுத அந்த மனிதரிடம், உயிரோடிருந்தபோது ஒருமுறையேனும், "பாய், மகனுடைய கணக்கை எழுதிவிடுங்கள்" என்று சொல்லவில்லை. அடுத்தவர் குடும்ப விஷயம் என்று ஒதுங்கினேன். மகன் வேறு குணமுடையவராக இருந்திருந்தால் அந்த மௌனத்தின் விலையை இரு பெண்கள் கொடுத்திருப்பார்கள்.

இப்ராஹீம் (அலை) அவர்கள் கஅபாவை உயர்த்தியபோது இஸ்மாயீல் (அலை) கல் எடுத்துக் கொடுத்தார்கள். தந்தையும் மகனும் சேர்ந்து கட்டிய அந்த வேலையின் நடுவே அவர்கள் கேட்டது, இதை எங்களிடமிருந்து ஏற்றுக்கொள்வாயாக என்பதுதான். அல்லாஹ்வுக்காகக் கட்டியவர்களே ஏற்கப்படுமோ என்று அஞ்சிக் கேட்டிருக்க, நம் கட்டடங்களும் கணக்குகளும் எம்மாத்திரம்?

கடையிலோ பட்டறையிலோ கட்டுமானத்திலோ மகனைச் சேர்த்திருக்கும் பெற்றோர்களே, இந்த வாரமே அமர்ந்து எழுதிவிடுங்கள். அதைப் பாசக் குறைவென்று எண்ணாதீர்கள். தூணுக்குள் கம்பியைப் போல, அது வெளியே தெரியாமல் குடும்பத்தைத் தாங்கும்.

வல்ல ரஹ்மான் மறைந்ததிலும் வெளிப்பட்டதிலும் நேர்மையை நமக்கு அருள்வானாக. அந்த அத்தாவின் கப்ரை விசாலமாக்குவானாக. ஆமீன்.