எந்தக் கம்பியில்?

பெஞ்ச் பிரஸ் எண்டால் எல்லாரும் கேக்கிறது, "எத்தினை கிலோ அடிக்கிறாய்?" எந்தக் கம்பியில் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை.

போட்டிக் கம்பி நேரானது, 20 கிலோ. அதை அகலப் பிடித்து இறக்கும்போது முழங்கை வெளியே விரிந்து தோள்மூட்டில் சுமை ஏறும். எனக்கு வலது தோள் குத்தத் தொடங்கியது. இணுவில் கந்தசுவாமி கோயில் திருவிழாவில் சாமி காவுற தோள் அது, சும்மா விடேலாது.

இதுக்கு 'ஃபுட்போல் பார்' எண்டு ஒன்று இருக்கு. பார்க்க ஏணித்துண்டு மாதிரி. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கப் பிடிப்பதால் முழங்கை உடலோடு ஒட்டி வரும். தோளுக்கு ஆறுதல், ட்ரைசெப்ஸுக்கு வேலை கூட. நடுவில் வளைந்த 'கேம்பர்ட் பார்' வேறு. அது கையை நெஞ்சு மட்டத்துக்கும் கீழே இறக்கும்; தோள் நோ உள்ளவைக்குச் சரிவராது. அமெரிக்காவின் ஒஹாயோவில் லூயி சிமன்ஸ் தன் வெஸ்ட்சைட் பார்பெல் ஜிம்மில் இப்படிக் கம்பிகளை மாற்றி மாற்றித்தான் பயிற்றுவித்தார்.

எங்கட ஜிம்மில் அது இல்லை. மருதனார்மடத்தில் வெல்டிங் செய்யிற அண்ணா ஒருவர் படத்தைப் பார்த்துச் செய்து தந்தார். "கேற்றுக்குப் போடுறதோ தம்பி?" எண்டு சிரிச்சார். நிறுத்தால் 13 கிலோ. பாரம் அளவாத்தான் போடுறம்.

மூன்று மாதமாக வாரத்தில் ஒருநாள் அதில், ஒருநாள் நேர்க்கம்பியில். போட்டியில் கணக்கு நேர்க்கம்பிக்குத்தானே. 60இல் நிண்டது இப்ப 67.5. கம்பியில் மந்திரம் ஒன்றும் இல்லை. தோள் நோகாததால் ஒரு கிழமையும் தவறவில்லை, அவ்வளவுதான்.