நாலு மணி நேரம்தானே!

திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கிக்கு ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நாலு மணி. அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதிப் பக்கம் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

டிக்கெட்டைப் பார்த்தால்தான் குழப்பம். இங்கே இரவு 12 மணிக்கு ஏறினால் அங்கே இறங்குவது காலை 6.30. அங்கே 9 மணிக்கு ஏறினால் 10.30-க்குத் திருச்சி! சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். 1982-இல் அவர்கள் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளும் வரை வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான்.

எங்கள் அப்பா காலத்தில் 'ரஜூலா' கப்பல். 1926 முதல் 1973 வரை ஓடியது. நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். அதற்கப்புறம் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்த வழியும் அடைபட்டது. கப்பல் காலத்தில் அக்கரையில் இருக்கும் மகனுக்காகப் பிணத்தைப் போட்டுவைக்க வழியில்லை. தந்தி போகும், அவன் அங்கேயே மொட்டை போட்டுக்கொள்வான். இங்கே பங்காளி ஒருவர் கொள்ளி வைப்பார். அதைக் குறையாக யாரும் பேசவில்லை.

இப்போது கேத வீட்டில் ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். "எப்ப எடுக்கிறது?" என்று ஒருவர் கேட்பார். "மகன் கெளம்பிட்டானாம், நாலு மணி நேரம்தானே!" என்பார் இன்னொருவர். அவன் கம்பெனியில் சொல்லி லீவு வாங்க வேண்டும். அன்றைக்கு விமானத்தில் இடம் கிடைக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே சாங்கியில் நிற்க வேண்டும். திருச்சியில் இறங்கி, வரிசையில் நின்று வெளியே வந்தபின் மாத்தூர், கீரனூர், புதுக்கோட்டை தாண்டி அறந்தாங்கிக்கு இன்னும் இரண்டு மணி நேரம்போல ஆகும். எல்லாம் கூடிவந்தாலே பத்துப் பன்னிரண்டு மணி நேரம். இல்லாவிட்டால் மறுநாள்தான்.

அமெரிக்காவில் இருப்பவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. "அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வருவான், பாவம்" என்று ஊரே விட்டுக்கொடுத்துவிடும். பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் பழி. சிங்கப்பூரில் வொர்க் பர்மிட்டில் கட்டட வேலை பார்க்கும் பையன், வட்டிக்குக் கடன் வாங்கி அன்றைய விலைக்கு அவசர டிக்கெட் எடுத்து ஊருக்கு வந்து சேர்கிறான். பந்தலில் உட்கார்ந்துகொண்டு அவன் பாசத்தை மணிக்கணக்கில் அளப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் படுக்கையில் விழுந்ததுமே மகனுக்குப் போன் போட்டார். "முடிஞ்சா வா தம்பி. முடியலேன்னா பெரியப்பா மகன் கொள்ளி வைக்கட்டும், நீ காரியத்துக்கு வந்து சேரு. கடன் வாங்கி டிக்கெட் போடாதே." பங்காளிகளையும் கூப்பிட்டு அதையே சொல்லிவைத்தார். அவர் போனது ஒரு சனிக்கிழமை. மகன் செவ்வாய்க்கிழமை வந்தான். வந்தவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.