பதினேழாம் இடத்திலிருந்து

எர்லாங்கனில் உதைபந்து விளையாடும் எவருக்கும் லோதர் மத்தேயஸைத் தெரியும். 1961ல் இந்த நகரில்தான் பிறந்தார். 1990ல் அணித் தலைவராக நின்று மேற்கு ஜேர்மனிக்கு உலகக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர். பிறகு பயிற்றுநராகப் பல நாடுகளுக்குப் போனார். ஆனால் ஒரு புண்டஸ்லிகா அணியைக்கூட அவர் பயிற்றுவித்ததில்லை. விளையாடுவது ஒரு தொழில், பழக்குவது வேறு தொழில்.

இதை எனக்கு இன்னும் தெளிவாகக் காட்டியவர் ஸ்பெயின்காரரான ஷாபி அலோன்சோ.

அவர் 1981ல் பாஸ்க் பகுதியில் பிறந்தவர். அப்பா பெரிகோவும் ஸ்பெயின் தேசிய அணியில் விளையாடியவர். மகன் 2005ல் லிவர்பூலோடு சாம்பியன்ஸ் லீக், 2010ல் ஸ்பெயினோடு உலகக் கிண்ணம் என்று எல்லாம் வென்றார். கடைசி மூன்று பருவங்கள் எங்கள் பக்கத்து மியூனிக்கில், பயர்ன் அணியில். மூன்றிலும் லீக் கிண்ணம்.

இப்படியான ஒருவர் நேரே பெரிய அணிக்குத்தான் பயிற்றுநராகப் போவார் என்று நினைப்போம். 2018ல் அவர் போனது ரியல் மட்ரிட்டின் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம். அடுத்த வருடம் ரியல் சோசியடாட்டின் இரண்டாம் அணிக்கு. மூன்று வருடங்கள் அங்கேயே இருந்தார். அந்த அணியை 2021ல் ஸ்பெயினின் இரண்டாம் பிரிவுக்கு ஏற்றினார். அடுத்த பருவமே அது திரும்ப இறங்கியது.

2022 ஒக்ரோபரில் பாயர் லெவர்குசன் அவரை அழைத்தபோது, 18 அணிகளில் அது 17ஆம் இடத்தில் கிடந்தது. ஒரு முறைகூட புண்டஸ்லிகாவை வெல்லாத அணி. எப்போதும் இரண்டாவதாகவே வருவதால் ‘விட்செகுசன்’ என்று நாடே கேலி செய்தது. 2002ல் லீக், ஜேர்மன் கிண்ணம், சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் கடைசி நேரத்தில் கோட்டைவிட்டவர்கள்.

2023-24 பருவத்தில் அதே அணி 34 ஆட்டங்களில் 28 வெற்றி, 6 சமநிலை, தோல்வியே இல்லை. புண்டஸ்லிகாவில் அதற்கு முன் யாரும் செய்யாதது. 90 நிமிடம் கடந்த பிறகும் அவர்கள் பதறாமல் பந்தைக் கைமாற்றி, கடைசி நொடியில் கோல் போடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அந்த நிதானம்தான் அவர் பழக்கியது. அந்தப் பருவம் அவர்கள் தோற்றது ஒரே ஒரு ஆட்டம்: யூரோப்பா லீக் இறுதியில், அட்டலாண்டாவிடம்.

இதை ஏன் எழுதுகிறேன்? எங்கள் கழகத்தில் எட்டு வயதுப் பிள்ளைகளைப் பழக்க வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். “நீயே ஒரு பெரிய விளையாட்டுக்காரன் இல்லை. நீ என்னத்தைப் பழக்கப் போறாய்? உந்த நேரத்துக்கு அபிட்டூருக்குப் படி” என்றார்.

அப்பாவின் கவலை எனக்கு விளங்குகிறது. இரவு வேலை செய்து எங்களைப் படிக்க வைத்தவர். ஆனால் உலகக் கிண்ணம் வென்றவரே பழக்கும் தொழிலைச் சின்னப் பிள்ளைகளிடம் போய்த்தான் தொடங்கினார். அப்படியென்றால் வாங்கிலேயே அதிகம் இருந்த எனக்கும் அதே வழி திறந்துதான் இருக்கிறது.

சனி காலை தமிழ்ப் பள்ளி, பின்னேரம் மைதானம். படிப்புக்கு ஞாயிறு முழுவதும். அப்பாவிடம் இந்த நேர அட்டவணையைக் கொடுத்திருக்கிறேன். இன்னும் அவர் “ஓம்” சொல்லவில்லை. “இல்லை” என்றும் சொல்லவில்லை.