தேள் வால் வைத்த பேச்சு

என் ஓவியப் பயிற்சியெல்லாம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில்தான். கள ஆய்வு நோட்டின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எதையாவது கிறுக்கிக்கொண்டே போவேன். எனக்குப் பள்ளியில் ஓவியம் என்றால் மாம்பழமும் தேசியக் கொடியும். எங்கள் காலனியில் ஓவியம் என்றால் ஏப்ரல் 14க்கு முன்பு அண்ணன்மார்கள் சுவரில் கட்டம் போட்டு வரையும் அம்பேத்கர். படம் வேறு மாதிரியும் பேசும் என்று காட்டியது ‘பீமாயணம்’.

2011இல் நவயானா கொண்டுவந்த நூல் அது. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதினார்கள். வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதியர். மத்தியப் பிரதேசத்து பர்தான் கோண்டு பழங்குடிகள். துர்காபாய் ஓவியக் கல்லூரிக்குப் போனவரல்ல. கல்யாணத்துக்கும் அறுவடைக்கும் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடும் ‘திக்னா’ கோலத்தைச் சின்ன வயதில் பாட்டியிடம் கற்றவர். 2022இல் பத்மஸ்ரீ பெற்றார். காமிக்ஸ் என்றாலே கட்டம் கட்டமாக இருக்குமே, அதை இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்று திக்னா கோடுகளாலேயே பக்கங்களைப் பிரித்தார்கள். என்னைப் பிடித்து உலுக்கியது பேச்சுக் குமிழ்கள்தான். பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாத சிறுவன் பீம் பேசினால் குமிழ் பறவை வடிவில் இருக்கும். சாதி விஷத்தைக் கக்குகிறவர்களின் குமிழுக்குத் தேள் வால்.

திண்டிவனம் பக்கம் ஓர் இருளர் குடியிருப்பில் ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளோடு உட்காருவேன். சென்ற ஏப்ரலில் அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துப் போய்க் காட்டினேன். “நீங்க கேட்ட பேச்சுக்குக் குமிழ் போட்டு ஒரு அட்டை செய்யுங்க, யாருக்குக் கொடுக்கணுமோ கொடுங்க” என்றேன். அந்தப் பிள்ளைகளிடம் இதுவரை நாமெல்லாம் கொடுக்கத்தான் செய்திருக்கிறோம்: நோட்டு, பழைய துணி, கூடவே ஒரு போட்டோ. அவர்கள் கையால் செய்து ஒன்றைக் கொடுக்கட்டுமே என்று நினைத்தேன். (பெரிய யோசனை என்ற பெருமையும் உள்ளுக்குள் இருந்தது.)

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி பழைய நோட்டு அட்டையை வெட்டி, மடித்து, என்னிடமே நீட்டினாள். “அக்கா, உங்களுக்கு.” உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெண், தோளில் ஜோல்னாப் பை. எதிரே தரையில் இன்னொரு பெண். நின்றவளின் வாயிலிருந்து தேள் வால் குமிழ். அதற்குள், “உங்களுக்கெல்லாம் எத்தனை தடவ சொல்றது?”

நான் சொன்னதுதான். பழங்குடிச் சான்றுக்கான காகிதங்களை மழையில் நனையவிட்ட அவள் அம்மாவிடம், இரண்டு வாரம் முன்பு. ஓலைக் கூரை ஒழுகியதை அந்த அக்கா சொல்ல வந்தார், நான் கேட்கவில்லை. “உனக்கு” என்றுகூடச் சொல்லவில்லை பாருங்கள், “உங்களுக்கெல்லாம்”. விழுப்புரம் காலனியில் என் அம்மாவை நிற்க வைத்துப் பேசியவர்கள் பயன்படுத்திய அதே சொல். சமூகவியல் முதுகலையில் அதற்கு ஒரு தாள் முழுக்கப் பதில் எழுதியிருக்கிறேன்.

அவள் கோபமாகத் தரவில்லை. நான் சொன்ன பாடத்தைச் சரியாகச் செய்திருக்கிறாள், அவ்வளவுதான். “வால் நல்லா வந்திருக்கா?” என்று கேட்டாள். நல்லா வந்திருக்கு என்றேன்.

அம்மாவின் படத்துக்குக் குமிழே இல்லை. ஏன் என்று கேட்டேன். “அம்மா எதுவும் பேசலியே அக்கா.”

அட்டை என் நோட்டுக்குள் இருக்கிறது. இந்த ஞாயிறு புதுப் படிவத்தோடு அந்த வீட்டுக்குப் போகிறேன். காகிதத்தைப் போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் கவரும் வாங்கியிருக்கிறேன்.