கண்ணில் படாத கசிவு

அக்டோபர் மாதம் செபமாலை அன்னைக்கு உரியது. சென்ற ஆண்டு அம்மாதத்தின் ஒரு ஞாயிறு காலை, கருமத்தம்பட்டி செபமாலை அன்னை ஆலயத்தில் திருப்பலி காணப் பொங்கலூரிலிருந்து காரில் புறப்பட்டோம். பல்லடம் கடந்து காரணம்பேட்டையை நெருங்கும்போது, வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டினேன். பானெட்டின் இடுக்குகளிலிருந்து நீராவி எழுந்தது. பின்னிருக்கையில் அம்மா செபமாலையை நிறுத்தவில்லை. நானோ ஒரு மனிதனை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அது 1998இல் அப்பா வாங்கிய மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் வண்டி சாலைக்கு வந்து, நடுத்தரக் குடும்பங்களின் கனவாக விளங்கிய அந்த வகை, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோனது. அப்பாவைக் கடைசியாக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் இந்த வண்டியில்தான். ஆகவே விற்க மனம் வரவில்லை.

நான் திட்டிய மனிதன் எங்கள் பகுதியில் சிறிய பட்டறை வைத்திருக்கும் இளைஞன். ஆறு மாதங்களுக்கு முன் ரேடியேட்டரின் கீழ் ஹோஸை மாற்றிக் கொடுத்தவன் அவன். "அவன் சரியாக மாட்டவில்லை, அதனால்தான் தண்ணீர் வெளியேறுகிறது" என்று அந்தச் சாலையோரத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். மறுநாள் அவன் பட்டறைக்குச் சென்று, வாடிக்கையாளர் இருவர் நிற்கும்போதே கடிந்து பேசினேன். "ஒருக்கா கழட்டிப் பாத்தர்றனுங்கண்ணா" என்றான். அதற்கும் இடங்கொடாமல், இனி இந்த வண்டியில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஓர் உண்மையை அன்று நான் வசதியாக மறந்திருந்தேன். ஹோஸ் மாற்றுவதற்கு முன்பே வண்டியில் தண்ணீர் குறைந்துகொண்டுதான் இருந்தது. டிக்கியில் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை எப்போதும் வைத்திருப்பேன். குறைந்தால் ஊற்றுவேன், மீண்டும் குறைந்தால் மீண்டும் ஊற்றுவேன். எங்கே போகிறது என்று கேட்டதில்லை.

பல்லடத்தில் பட்டறை நடத்தும் முதியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றவில்லை. "ஒரு வாரத்துக்கு ஒண்ணு மட்டும் பண்ணுங்க. காலைல வண்டி ஆறியிருக்கறப்ப, பக்கத்துச் சின்ன டேங்க்குல பேனாவுல கோடு போட்டு வைங்க. தெனமும் எவ்வளவு எறங்குது, எத்தன கிலோமீட்டர் ஓடுச்சுன்னு எழுதி வைங்க" என்றார். சூடான வண்டியில் மட்டம் உயர்ந்து காட்டும். ஆறிய வண்டியில்தான் உண்மை தெரியும் என்பது அவர் விளக்கம்.

அவ்வாறே செய்தேன். கோடு போடும்போதெல்லாம் புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நினைவுக்கு வந்தது. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அந்நூலில், தனி ஆன்ம சோதனை என்றொரு முறை உண்டு. ஒருவர் தம் குறைகளுள் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு, அதில் எத்தனை முறை விழுந்தோம் என்பதை நாள்தோறும் கோட்டின்மேல் புள்ளியிட்டுக் குறித்து, நேற்றோடு இன்றையும், சென்ற வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். தியானங்களில் இதைக் கேட்டிருக்கிறேன். கடைப்பிடித்ததில்லை. வண்டிக்காகச் செய்ததை ஆன்மாவுக்காகச் செய்யவில்லை என்பது உறுத்தியது.

ஏழாம் நாள் குறிப்புத்தாளோடு சென்றேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு தம்ளர் குறைந்திருந்தது. ஆனால் வண்டியின் கீழே இரவில் விரித்த அட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை. முதியவர் ஒவ்வொரு சந்தேகமாக நீக்கினார். என்ஜின் ஆயில் மூடியின் உட்புறம் பாலேடு போன்ற படிவு இல்லை. எனவே தண்ணீர் எண்ணெயில் கலக்கவில்லை. புகைக்குழாயில் வெண்புகை இல்லை, ரேடியேட்டரில் குமிழிகளும் இல்லை; எனவே ஹெட் கேஸ்கெட் மீதான சந்தேகம் குறைந்தது. வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையைத் தொட்டுப் பார்த்தார், உலர்ந்திருந்தது. பம்பின் உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் அத்துளை வழியே வெளியே சொட்டி எச்சரிக்க வேண்டும் என்பதற்காகவே அதைத் திறந்து வைத்திருக்கிறார்களாம். தன் குறையைத் தானே அறிவிக்க ஒரு துளை! மனிதருக்கு அப்படியொன்றை ஒப்புரவு அருட்சாதனமாகத் திருச்சபை தந்திருக்கிறது. அதை அடைத்துக்கொள்பவர்கள் நாமே.

பின்னர் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தினார். மூடியில் 0.9 என்று பொறித்திருந்தது. அது தாங்கும் அழுத்தத்தின் அளவு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. ஏறத்தாழ 118 பாகை வரை பொறுக்கும். சூடான வண்டியின் மூடியைத் திறந்தால் அது சீறிப் பாய்ந்து முகத்தைச் சுடுவதும் இதனால்தான். முதியவர் அந்த அளவுக்குக் காற்றை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். முள் மெல்ல, மிக மெல்ல இறங்கியது. டார்ச் விளக்கையும் கைப்பிடி வைத்த சிறு கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் கழித்து, "வந்து பாருங்க" என்றார்.

இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கையும் கண்ணும் எட்டாத இடத்தில், என்ஜின் பிளாக்கில் பதித்திருந்த வட்டத் தகடு ஒன்றின் ஓரத்தில், மயிரிழை போல ஈரம் மின்னியது. வண்டி ஆறியிருக்கும்போது அழுத்தம் இல்லை. ஆகவே கசிவும் இல்லை. ஓடிச் சூடேறும்போது கசியும் தண்ணீர், தரையைத் தொடுமுன் ஆவியாகிவிடும். மிஞ்சுவது வெண்மையான உப்புக்கறை மட்டுமே.

"ஹோஸுல ஒண்ணுமில்லீங்க. கிளிப்பு நல்லாத்தான் இறுக்கியிருக்குது. போட்டவன் நல்ல வேலைக்காரனுங்க" என்றார். பிறகு, துருவேறிய தகட்டைப் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்து, "ஏனுங்க, இத்தன வருசமா போர் தண்ணியவா ஊத்துனீங்க?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. எங்கள் பகுதியின் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பும் சுண்ணமும் மிகுந்தது. அது பாத்திரத்தில் படிய வைக்கும் வெண்படிவத்தையே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிய வைக்கும். உப்பு இரும்பை அரிக்கும். கூலண்ட் என்பது குளிர்நாட்டில் தண்ணீர் உறையாமல் இருப்பதற்காக மட்டும் என்று எண்ணியிருந்தேன். அதில் கலந்துள்ள துருத்தடுப்பு மருந்துதான் நமக்கு முதன்மையாம். அதைத் தாது உப்பு நீக்கிய தண்ணீரோடுதான் கலக்க வேண்டும். அதுவும் சில ஆண்டுகளில் வலுவிழக்கும், மாற்ற வேண்டும். (அது இனிப்பான நஞ்சு என்பதால் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும் என்றும் எச்சரித்தார்.) ஆக, தவறு அந்த இளைஞனின் ஹோஸில் இல்லை. என் பாட்டிலில் இருந்தது.

திருப்பூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது புதிய பாடமன்று. பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, நொய்யலில் வந்த சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு நிலைமை முற்றிய அந்நாள்களில், நம்மில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டியதும் நினைவிருக்கும். பிறர் வாய்க்காலைப் பார்க்கும் கண், தன் வாய்க்காலைப் பார்ப்பதில்லை.

புதிய தகடு பொருத்தப்பட்டது, செலவு பெரிதன்று. ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே கருமத்தம்பட்டிக்குச் செல்ல என் மனம் துணியவில்லை. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் சகோதரனிடம் போய்ச் சமாதானமாகச் சொன்ன ஆண்டவரின் அறிவுரை வழியை மறித்து நின்றது. பொங்கலூருக்கே திரும்பினேன். மறைவில் கடிந்திருந்தால் மறைவில் மன்னிப்புக் கேட்கலாம். நான் பிறர் முன்னிலையில் கடிந்தவன். பட்டறையில் வாடிக்கையாளர் வரும் நேரம் வரை காத்திருந்து, அவர்கள் காதுபடவே, "தம்பி, தப்பு என்னுடையது" என்று சொல்லித் துருப்பிடித்த தகட்டைக் காட்டினேன்.

அவன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "உடுங்கண்ணா. இப்பச் சூடாகறதில்லீங்களே?" என்று மட்டும் கேட்டான். அன்று நான் மறுத்த அதே அக்கறை, சற்றும் குறையாமல் அவனிடம் இருந்தது.

அடுத்த ஞாயிறு அம்மாவோடு கருமத்தம்பட்டி சென்று வந்தோம். முள் நடுவிலேயே நின்றது. டேங்கின்மேல் பேனாக் கோடு இன்னும் அழியவில்லை. காலைதோறும் அதைப் பார்க்கிறேன். இரவில் பார்க்க வேண்டிய கோடு வேறொன்று. அதைப் பார்க்க இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன்.